பதினொரு கதவுகளின் தாய்மொழி

அமெரிக்காவில் மக்களை எண்ணும் படிவத்தில் இவ்வளவு காலமும் இரண்டு கேள்விகள் இருந்தன. நீங்கள் ஹிஸ்பானியரா, லத்தீனோவா, அதாவது லத்தீன் அமெரிக்க நாடுகளின் வழிவந்தவரா என்பது ஒன்று. உங்கள் இனம் என்ன என்பது மற்றது. இரண்டையும் இனி ஒரே கேள்வியாக்கப் போகிறார்களாம். கனடாவின் கணக்கெடுப்பு அலுவலகத்தில் என்னோடு முன்பு வேலை செய்த பிள்ளைகள் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, நீங்கள் இதோடு மாரடித்த ஆள்தானே, ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். நான் ஐம்பத்தெட்டு வயதிலேயே ஓய்வு எடுத்தவன். ஓய்வு எடுத்தவனிடம் உலகம் ஒன்றும் கேட்பதில்லை. குப்பை வாளியை எப்போது வெளியே வைக்கப்போகிறீர்கள் என்று மனைவி கேட்பதோடு சரி. ஆகவே உடனே சம்மதித்துவிட்டேன்.

கனடாவில் அந்த இரட்டைக் கேள்வி இல்லை. வெள்ளையர், தெற்காசியர், சீனர், கறுப்பர், பிலிப்பினோ, அராபியர் என்று போகும் ஒரே பட்டியலில் லத்தீன் அமெரிக்கர் என்பதும் ஒரு பெட்டி. விரும்பினால் ஒன்றுக்கு மேலும் குறிக்கலாம். ஆனால் லத்தீன் அமெரிக்கர், வெள்ளையர் இரண்டையும் குறித்தவர், சிறுபான்மையினரை எண்ணும் அட்டவணையில் சிறுபான்மையினராக வரமாட்டார். அந்த விதியை முதல்முதல் வாசித்த அன்று நான் மூன்று தரம் வாசித்தேன். ஒரு மனிதர் கூடுதலாக ஒரு பெட்டியைக் குறித்ததால் ஒரு வரியிலிருந்து இறங்கிப் போய்விடுகிறார். எனக்கு இந்தத் தொழிலில் பைத்தியம் பிடித்தது அன்றுதான்.

லத்தீன் அமெரிக்கர்களின் படிவங்கள் என் மேசைக்கு வந்ததற்குக் காரணம் ஒரு பொய். வேலைக்கு விண்ணப்பித்தபோது, தெரிந்த வேறு மொழிகள் என்ற இடத்தில் தமிழ், ஸ்பானிஷ் என்று எழுதியிருந்தேன். என் ஸ்பானிஷ், நான் நாலு வருடம் கோப்பை கழுவிய உணவகத்தில் எல் சல்வதோர் நாட்டுப் பெடியளிடம் பொறுக்கியது. சூடு, கத்தி, கெதியா, பின்னால் வாறன் என்பவற்றோடு, இங்கே எழுத முடியாத ஒரு பதினைந்து சொற்களும் தெரியும். வேலை கிடைத்த பிறகு மேசை லாச்சிக்குள் ஒரு ஸ்பானிஷ் அகராதியை ஒளித்து வைத்துக்கொண்டு காலம் தள்ளினேன். நடைபாதையில் யாராவது ஸ்பானிய மொழியில் காலை வணக்கம் சொன்னால் எனக்கு உடனே கழிவறைக்குப் போகவேண்டி வரும்.

பயிற்சி மூன்று கிழமை. அதில் மூன்று வசனங்கள்தான் மிஞ்சின. கதவைத் தட்டி அடையாள அட்டையைக் காட்டு. கேள்வியை அச்சில் உள்ளபடியே வாசி. பிறகு வாயை மூடு. கடைசி வசனம்தான் எனக்குக் கடினமாக இருந்தது.

எங்கள் மேற்பார்வையாளர் பெயர் லொரேன். அறுபதை நெருங்கிய வெள்ளைக்காரப் பெண். நாங்கள் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு தோடம்பழத்தை எடுத்து, தோல் அறாமல் ஒரே சுருளாக உரிப்பார். உரித்து முடியும்வரை நிமிர மாட்டார். நீங்கள் சொல்லி முடித்ததும் சுருளை மேசையில் வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "பார்த்தீரா, நினைத்தீரா?" கோபமாகக் கேட்பதில்லை. அவருக்கு உண்மையிலேயே அது தெரிய வேண்டும். நினைத்தேன் என்றால், நல்லது, போய்ப் பார்த்துவிட்டு வாரும் என்பார். பார்த்தேன் என்றால் எங்கே நின்று பார்த்தீர் என்பார். அவருக்குக் கீழே வேலை செய்த காலத்தில் வீட்டில் மனைவி உப்புக் குறைவா என்று கேட்டாலும் நான் இன்னொரு கரண்டி சாப்பிட்டுப் பார்த்த பிறகே பதில் சொல்வேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். இரண்டு கணக்கெடுப்புக்கு முன்னர், படிவங்களை வாங்கி முடிக்க ஒரு கிழமை இருந்தபோது நடந்தது. முன்னுக்குப் பின் முரணான படிவங்களைக் கொம்பியூட்டர் துப்பிவிடும். அவை ஒரு தனித் தட்டில் வந்து சேரும். அன்று காலை என் தட்டில் பதினொரு படிவங்கள் கிடந்தன. எல்லாம் ஸ்காபரோவில் ஒரே அடுக்குமாடிக் கட்டடம். எல்லாம் கையால் நிரப்பியவை.

முதலாவதில் பிறந்த நாடு எல் சல்வதோர், தாய்மொழி தமிழ், வீட்டில் பேசுவது தமிழ், தெற்காசியர். இரண்டாவதில் பிறந்த நாடு கொலம்பியா, தாய்மொழி தமிழ். மூன்றாவதில் பெரு, தமிழ். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கட ஆக்கள் கனடாவுக்கு வந்த காலத்தில் ஆட்களைக் களவாக நாடு கடத்திவிடும் ஏஜென்சிக்காரர் சிலரை லத்தீன் அமெரிக்க நாடுகளில் மாதக்கணக்கில் இறக்கிவிட்டிருந்தார்கள். அங்கே பிள்ளைகள் பிறந்திருக்கும், அந்தப் பிள்ளைகள் இவர்கள் என்று ஒரு பெரிய சரித்திரத்தையே அரை மணித்தியாலத்தில் கட்டி எழுப்பிவிட்டேன். அதைத் தூக்கிக்கொண்டு லொரேனிடம் ஓடினேன். அவர் தோடம்பழத்தை உரித்து முடித்தார். பிறகு முதல் படிவத்தில் இருந்த ஒரு பெண்ணின் வயதைக் காட்டினார். எழுபத்தொன்று. எழுபத்தொரு வருடத்துக்கு முன்னர் எந்த ஏஜென்சி என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கையில், "நினைத்தீர்," என்றார்.

திரும்ப வந்து படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினேன். அப்போதுதான் கண்டேன். பதினொன்றும் ஒரே கையெழுத்து. ஏழு என்ற இலக்கத்துக்கு நடுவில் ஒரு கோடு. ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு ஒரு முற்றுப்புள்ளி. வெறுமையாய் விட்ட இடம் எல்லாவற்றிலும் ஒரு சின்னக் கிடைக்கோடு, பின்னர் யாரும் அதில் எதையும் எழுதிவிடக்கூடாது என்பதற்காக. அது எங்கள் ஊர்க் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்த கிளார்க்குகளின் பழக்கம். அந்தக் கிடைக்கோடுகளை நான் முன்னரே கண்டிருக்கிறேன். என்னுடைய அகதிக் கோரிக்கைப் படிவத்தில்.

ஸ்காபரோவில் தமிழ்ச்சனம் இருக்கும் மாடிக் கட்டடம் ஒவ்வொன்றிலும் படிவம் நிரப்பிக் கொடுக்கிற ஒருவர் இருப்பார். சம்பளம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. மருத்துவ அட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வாடகை, ஸ்பொன்சர், எதுவானாலும் சனம் கடிதத்தோடு அவர் கதவில் நிற்கும். அந்தக் கட்டடத்தில் அவர் தியாகர் அண்ணை. நான் இந்த நாட்டுக்கு வந்து எட்டாம் நாள், எனக்கு ஆங்கிலத்தில் என் பெயரைச் சொல்லவே நாக்குப் புரளாத நேரம், என் கதை முழுவதையும் கேட்டு இரண்டு நாளில் எழுதித் தந்தவர். அந்தப் பதினாலு பக்கத்தால்தான் நான் இந்த நாட்டில் இருக்கிறேன். இப்போது அவர் எழுதிய பதினொரு படிவம் என் மேசையில் கிடக்கிறது. கணக்கெடுப்புப் படிவத்தில் தெரிந்துகொண்டு பொய் எழுதுவது சட்டப்படி குற்றம். அதைப் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னபோது நான்தான் முன்வரிசையில் இருந்து தலையாட்டியவன்.

அடுத்த நாள் பதினோராம் மாடிக்குப் போனேன். லிப்ட் வேலை செய்தது; செய்யாமல் இருந்தால் நல்லது என்று மனதுக்குள் வேண்டியிருந்தேன்.

தியாகர் அண்ணை சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். எதிரில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சமையலறை ஏப்ரனோடு. மேசையில் மட்டன் றோல்ஸ் ஒரு தட்டு. அண்ணை அறிமுகம் செய்துவைத்தார். பெயர் மரிசோல். ஊர் எல் சல்வதோர். பக்கத்துப் பிளாசாவில் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் எட்டு வருடமாக வேலை. நான் பயந்துபோய் என் நாலு ஸ்பானிஷ் சொல்லில் எதை எடுப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்:

"இருங்கோ அண்ணை. றோல்ஸ் சூடு ஆறமுதல் சாப்பிடுங்கோ."

சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். நான் இருந்துவிட்டேன்.

அண்ணை எழுதிக்கொண்டிருந்தது அவளுக்காக ஒரு கடிதம். அவளுடைய தாய்க்குச் சிறுநீரக வருத்தம். தாய்க்கு ஸ்பானிய மொழி மட்டும்தான் தெரியும். மரிசோல் வேலையில் நின்ற ஒரு நாள் கிளினிக்கில் அரைக் குளிசை என்று சொன்னதைத் தாய் இரண்டு குளிசையாக விளங்கி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியிருக்கிறார். அந்தக் கிளினிக்கில் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு, ஸ்பானிய மொழிக்கு இல்லை. ஒரு ஆளைப் போடும்படி மரிசோல் கேட்டு, அவர்கள் பதில் எழுதியிருந்தார்கள். அந்தப் பதிலை அண்ணை என்னிடம் நீட்டினார். இந்தப் பகுதியில் எந்த மொழி பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று புதிய கணக்கெடுப்பில் வருவதைப் பார்த்து முடிவு செய்வோம் என்று இருந்தது.

கடித்த றோல்ஸைத் தட்டில் வைத்தேன். ஸ்பானிய மொழிக்காரர் நிறையப் பேர் இருக்கிறோம் என்ற கடிதத்தை எழுதும் அதே கை, பத்து நாளுக்கு முன்னர் அந்த வீடுகள் எல்லாவற்றையும் தமிழ் என்று எழுதியிருக்கிறது. ஒருவருடைய படிவத்தில் உள்ளதை இன்னொருவருக்கு முன்னால் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆகவே தேத்தண்ணி குடித்தேன். இரண்டாவது கோப்பையும் குடித்தேன். மூன்றாவதைக் கேட்டபோது அண்ணை என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

மரிசோல் வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். அண்ணை மறைக்கவில்லை. மறைக்கவேண்டிய விசயம் என்றே அவர் நினைத்திருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுத்தான் எழுதினாராம். உங்களை எங்கட ஆக்களோட சேர்க்கட்டோ என்று கேட்டாராம். அவர்களும் ஓம் என்றார்களாம்.

"ஏன் அண்ணை?"

"தம்பி, அங்கை ஊர்க் கணக்கெடுப்பிலை எங்களைக் குறைச்சுக் குறைச்சு எழுதினவங்கள். இஞ்ச நான் கொஞ்சம் கூட்டி எழுதினன். இதிலை ஆருக்கு என்ன நட்டம்?"

"அது பொய் அண்ணை. அவையின்ர தாய்மொழி தமிழில்லை."

"உந்தப் பிள்ளை தமிழ் கதைக்கிறதை இப்ப கேட்டனீர்தானே? உம்மட மகன் கதைப்பானே? உம்மட வீட்டுக் கணக்கெடுப்புப் போமிலை அவனுக்கு என்ன எழுதினீர்?"

நான் கோப்பையின் அடியைப் பார்த்தேன். இங்கே பக்கத்து அஜாக்ஸ் நகரில் பிறந்து வளர்ந்த என் மகனுக்குத் தெரிந்த தமிழ் "சாப்பிட வா" மட்டும். அதற்கும் அவன் வருவதில்லை. அவனுடைய தாய்மொழி தமிழ் என்று நான்தான் எழுதியிருந்தேன், நல்ல அழகான எழுத்தில்.

ஆனாலும் கிளினிக்கின் கடிதத்தை எடுத்து, அந்த ஒரு வசனத்தை அவருக்கு மறுபடி வாசித்துக் காட்டினேன். புதிய கணக்கெடுப்பு என்பது அவர் நிரப்பிய இந்தப் படிவங்கள்தான் என்றும் சொன்னேன். அண்ணை கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப நான்தானே அந்த மனிசியின்ர வாயைக் கட்டிப்போட்டன்," என்றார்.

அன்று வீட்டுக்குப் போய் என் பயத்தை வரிசைப்படுத்தினேன். நான் சொல்லாவிட்டால் பதினொரு வீடும் தமிழாகவே நின்றுவிடும், கிளினிக்கில் ஆள் வராது. சொன்னால் யார் எழுதியது என்று லொரேன் கேட்பார். அண்ணையின் பெயரைச் சொன்னால் எழுபத்தாறு வயதில் அவருக்கு வழக்கு. அவரை எப்படித் தெரியும் என்று கேட்டால் என் அகதிக் கோரிக்கை. அந்தப் படிவங்கள் ஏன் உம்மிடம் வந்தன என்று கேட்டால் என் ஸ்பானிஷ். விசாரணை, வேலைநீக்கம், விமானம் என்று என் கற்பனை ஒரே மூச்சில் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை போய் இறங்கிவிட்டது. குடியுரிமை எடுத்து இருபது வருடமானது எனக்கு விடியும்வரை நினைவுக்கு வரவில்லை.

காலையில் லொரேனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கையெழுத்து, கச்சேரி, கிடைக்கோடு, கிளினிக், குளிசை. போகிற வழியில் மகனின் தாய்மொழியையும் சொன்னேன். கடைசியாக, எனக்கு ஸ்பானிஷ் தெரியாது என்றேன். அவர் அன்று தோடம்பழத்தைத் தொடவில்லை.

"அது எனக்கு முதல் கிழமையே தெரியும்," என்றார். "நான் ஸ்பானிய மொழியில் வணக்கம் சொன்னேன். நீர் கத்தி என்று பதில் சொன்னீர்."

பிறகு வேலையைப் பிரித்தார். ஊகத்தில் ஒரு பதிலையும் மாற்றக்கூடாது. பதினொரு வீட்டுக்கும் நான் மறுபடி போகவேண்டும், ஸ்பானிய மொழி உண்மையிலேயே தெரிந்த ஒரு கணக்கெடுப்புக்காரியோடு. முதல் கேள்வியிலிருந்து தொடங்கவேண்டும். ஐந்து நாள் இருக்கிறது. அண்ணையைப் பற்றி என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் அறிக்கையில் ஒரு வரி எழுதி என் பக்கம் திருப்பினார்: படிவம் நிரப்ப உதவிய முதியவர் கேள்வியின் நோக்கத்தைத் தவறாக விளங்கிக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. "பார்த்தீர்களா, நினைத்தீர்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"நினைத்தேன்," என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

அந்த ஐந்து நாளும்தான் நான் இந்தத் தொழிலைப் படித்த நாட்கள். பதினொரு கதவிலும் ஸ்பானிஷ், லத்தீன் அமெரிக்கர் என்று ஒரே பதில் வரும், கடகடவென்று குறித்துக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தேன். பெருவிலிருந்து வந்த பெண்ணின் பாட்டனார் ஜப்பானிலிருந்து போனவராம். அவள் ஜப்பானியர், லத்தீன் அமெரிக்கர் இரண்டையும் சொன்னாள். சிலி நாட்டுக்காரர் ஒருவர் வெள்ளையர் என்று மட்டும் சொல்லி, மறுத்து ஏதாவது சொல்லும் பார்ப்போம் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும். அண்ணன் லத்தீன் அமெரிக்கர் என்றான். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே சோபாவில் இருந்த தம்பி வெள்ளையரையும் சேர்த்துச் சொன்னான். அண்ணன் திரும்பி, எப்ப தொடக்கம் என்று கேட்டான். எனக்கும் அதே கேள்விதான் வாய்வரை வந்தது. கேள்வியை அச்சில் உள்ளபடியே வாசி, பிறகு வாயை மூடு. மூடினேன். ஒரு வீடு பிரேசில். அவர்களுக்கு ஸ்பானிய மொழியே தெரியாது. போர்த்துக்கேயம். நான் போகாமல் மேசையில் இருந்தபடியே திருத்தியிருந்தால் அவர்களைத் தியாகர் அண்ணையைவிட மோசமாக மாற்றி எழுதியிருப்பேன்.

மரிசோலின் வீட்டைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தேன். தாய் கட்டிலில் சாய்ந்திருந்தார். கூட வந்த பெண் தாயிடம் கேட்டுத் தாயின் பதில்களை எழுதி முடித்த பிறகு, மரிசோல் தன் பகுதியைத் தமிழிலேயே கேட்கச் சொன்னாள். தாய்மொழி என்ன என்று கேட்டேன். ஸ்பானிஷ் என்றாள். எந்தக் குழு என்ற பட்டியலை வாசித்தேன். நான் காத்திருந்தேன். சமையலறையில் தண்ணீர்க் கெற்றில் ஒன்று கொதித்துத் தானாக அணைந்தது.

"அண்ணை, எங்கட ஊரில ஒருத்தரும் தன்னை லத்தீன் அமெரிக்கன் எண்டு சொல்லுறேல்லை. நான் ஏர்போட்டில வந்து இறங்கித்தான் அப்பிடி ஆனனான்."

நானும் விமான நிலையத்தில்தான் தெற்காசியனானேன். அதற்கு முந்திய நாள்வரை அப்படி ஒரு ஆளை எனக்கும் தெரியாது. சொல்ல வாயெடுத்து, விதி ஞாபகம் வந்து, பேனையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

"சரி, போடுங்கோ. லத்தீன் அமெரிக்கர்," என்றாள். "தியாகர் அண்ணையை ஒண்டும் செய்யாதேங்கோ. அவர் கேட்டார், நான் ஓம் எண்டன். இஞ்ச வந்து இத்தனை வருசத்தில தங்கட ஆளோ எண்டு என்னை வேற ஒருத்தரும் கேட்டதில்லை."

அடுத்த கேள்வி, ஆங்கிலமும் பிரெஞ்சும் தவிர உரையாடக்கூடிய வேறு மொழிகள் எவை என்பது. அவள் சிரித்துக்கொண்டே தமிழையும் சேர்க்கலாமோ என்றாள். அதை நான் பார்த்தது, கேட்டது, சாப்பிட்டது. ஸ்பானிஷுக்குப் பக்கத்தில் தமிழ் என்று எழுதினேன்.

எண்கள் வெளிவர ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும் என்று சொன்னபோது அவள் முகம் விழுந்தது. அந்த இடைக்காலத்தில் தாயை ஒவ்வொரு தரமும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனது தியாகர் அண்ணை. மருத்துவ ஆங்கிலத்தில் தன்னை நம்பாத அண்ணைக்கு, மருத்துவர் சொல்வதை அங்கிருந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்ல, அண்ணை அதை ஒரு வரியும் விடாமல் எழுதி, கீழே கிடைக்கோடு போட்டு, பிளாசாச் சமையலறைக்குக் கொண்டுபோக, மரிசோல் அதைத் தாய்க்கு ஸ்பானிய மொழியில் சொல்வாள். மூன்று மொழி, இரண்டு பஸ். ஒரு குளிசைகூடப் பிழையாகவில்லை.

அட்டவணைகள் வெளிவந்த அன்றே அந்தப் பகுதிக்கான தாளை அச்செடுத்து மரிசோலிடம் கொடுத்தேன். ஸ்பானிய மொழி வரியில் ஒழுங்கான ஒரு எண் இருந்தது. அவள் அதைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். சில மாதத்தில், செவ்வாய்க்கிழமை காலைகளில் ஸ்பானிய மொழிக்கு ஒரு ஆள் வரத் தொடங்கினார்.

அதை எனக்குச் சொன்னது மரிசோல்தான், அவள் வேலை செய்யும் கடையில் நான் கொத்துரொட்டிக்குக் காத்து நின்றபோது. முதல் செவ்வாய்க்கிழமை தாய் மருத்துவரோடு முக்கால் மணித்தியாலம் கதைத்தாராம். அரை மணித்தியாலம் வருத்தத்தைப் பற்றியே இல்லையாம். மரிசோல் வெளியே காத்திருந்து, வாசிக்க வேறு ஒன்றும் இல்லாமல் அந்தத் தாளை முழுவதும் வாசித்திருக்கிறாள்.

"அண்ணை, அதில கடைசியில ஒரு வரி இருக்கு. தாய்மொழி ஸ்பானிஷ், கதைக்கத் தெரிஞ்சது தமிழ். ஐஞ்சு பேர் எண்டு போட்டிருக்கு."

நான் விளங்கப்படுத்தினேன். சின்ன எண்களை நாங்கள் உள்ளபடி வெளியிடுவதில்லை. ஒருவரை யாரும் அடையாளம் கண்டுவிடக்கூடாது. ஒரு ஆள் இருந்தால் அது பூச்சியமாகவும் போகலாம், ஐந்தாகவும் போகலாம். அது கொம்பியூட்டர் செய்கிற வேலை. அந்த ஐந்து என்பது பெரும்பாலும் நீர் ஓராள்தான் என்றேன்.

அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"பெரும்பாலும்தானே. நிச்சயமில்லையே."

நிச்சயமில்லை என்று ஒத்துக்கொண்டேன்.

"அப்ப மற்ற நாலு பேரையும் எங்கையாவது கண்டால் இந்தக் கடையைச் சொல்லிவிடுங்கோ. ரெண்டு பாசையிலையும் மாறி மாறிக் கதைக்க எனக்கு ஒருத்தரும் இல்லை."